கொடி ஏறாத சுவர்

எட்டேகால் பஸ் செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கொல்லிமலைப் பாதையின் ஏதோ ஒரு வளைவில் லாரி பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டதாம். அர்த்தனாரி ஏழரை மணியிலிருந்தே நிறுத்தத்தில் நின்றிருந்தான். மூன்று டீ ஆகியிருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற மிளகு விவசாயி ஒருவன் பொம்மைப் புத்தகத்துக்காகக் கால் கடுக்க நிற்கிறான் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடாது. கேட்டவர்களிடம் எல்லாம் மிளகுக்கொடிக்கு மருந்து வரவேண்டும் என்று சொல்லிவைத்தான். சுகுணாவிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் நம்பவில்லை. நம்பாமலேயே குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கண்டக்டர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து பார்சலை எடுத்துக் கொடுத்து, டிப்போவில் வேல்முருகன் சார் கொடுத்தனுப்பியது என்றார். செங்கல் கனம் கனத்தது. அர்த்தனாரி அதை அங்கே பிரிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி, தன் பெயர் இருக்கிற வரி. அதைச் சந்தை நடுவில், நாலு பேர் தோள்மேல் எட்டிப் பார்க்க, பார்ப்பதற்கு அவனுக்கு மனசில்லை. தன் ஊர்ப்பக்கம், அரியூர் நாட்டுக்குப் போகிற வேனில் ஏறி, பார்சலை மடியில் வைத்துக் குடையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

‘தூதன் எமிலியோ’ என்றால் இன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலைநாட்டில் குதிரைமேல் தபால் கொண்டுபோகும் ஆளைப் பற்றிய படக்கதை. மொத்தம் அறுபத்திரண்டு புத்தகங்கள். தமிழில் போட்ட பதிப்பகத்தார் கையில் கிடைத்ததைக் கிடைத்தபடி அச்சடித்தார்கள். தீபாவளிக்கு என்றால் சண்டை நிறைய உள்ளது, பள்ளி விடுமுறைக்கு என்றால் புதையல் உள்ளது, அவ்வளவுதான் அவர்கள் பார்த்த வரிசை. தமிழில் ஒன்பதாவதாக வந்த புத்தகத்தில் எமிலியோ தன் மனைவி லூசியாவைப் புதைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பதினான்காவதாக வந்ததில் அதே லூசியா அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இரண்டாம் தாரம் போலிருக்கிறது, பெயர் மட்டும் ஒன்று என்று வாசகர்கள் தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். செத்துப்போன குதிரை நாலு புத்தகம் தள்ளிக் குட்டியாகத் துள்ளியது. மூலக்கதை வெளிவந்த பத்திரிகை எப்போதோ மூடிப்போயிருந்தது. எது முன்னே, எது பின்னே என்று சொல்ல உலகத்தில் ஆளில்லை.

அந்த ஆளாக அர்த்தனாரி ஆனான். புத்தகங்களை மலைக்குக் கொண்டுவந்தது வேல்முருகன், அதை இல்லையென்று சொல்ல முடியாது. அடிவாரத்துக் காரவள்ளிக்காரன். அப்போது மலை பஸ்ஸில் கண்டக்டர். சேலத்திலும் நாமக்கல்லிலும் பழைய பேப்பர் கடைகளில் துழாவி எடுத்து, டிக்கெட் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வருவான். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து, பஸ் கிளம்ப ஹாரன் அடிக்கும்வரை பேசுவார்கள். ஆனால் வேல்முருகனுக்குப் புத்தகம் கையில் இருந்தால் போதும். அர்த்தனாரிக்கு அது ஒழுங்காக நிற்க வேண்டும். ஒருவன் செத்தபிறகு சிரிக்கிறான் என்றால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

வழி அவனுக்கு ஒரு மிளகுப் பறிப்புக் காலத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு புத்தகமும் எமிலியோவின் கல்வீட்டில்தான் தொடங்கும். அந்த வீட்டின் சுவரில் ஒரு கொடி. ஒரு புத்தகத்தில் அது ஜன்னல் வரைக்கும், இன்னொன்றில் கூரை வரைக்கும், வேறொன்றில் கதவை விட்டுவிட்டுச் சுவர் முழுக்கவும் படர்ந்திருந்தது. ஏணிமேல் நின்றுகொண்டே அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். கொடியைப் பார்த்து வயசு சொல்வதைவிட அவனுக்கு வேறென்ன தெரியும்? சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகைத் தூரத்திலிருந்து பார்த்தே இது மூன்று வருஷம், இது ஏழு வருஷம் என்பான். இதைப் படம் வரைந்தவனும் கொடி தெரிந்தவன்தான் என்று அவனுக்குப் பட்டது. அந்த ஆளின்மேல் ஒரு பிரியமே வந்தது.

அதிலிருந்து பதினெட்டு வருஷம். கொடியின் உயரத்தை வைத்து அடுக்கி, குதிரையின் வயசையும் நெற்றித் தழும்பையும் வைத்துச் சரிபார்த்து, நூற்றுப்பன்னிரண்டு பக்க நோட்டு ஒன்று எழுதினான். மூன்று புத்தகங்களில் மட்டும் சுவரில் கொடியே இல்லை. மெல்லிய கோடுகளாக விரிசல் மட்டும் ஓடியது. அந்த மூன்றிலும் லூசியாவும் இல்லை, எமிலியோ தனியாக இருந்தான். அவைதான் ஆரம்பம் என்று முதலில் வைத்தான். ‘கல்யாணத்துக்கு முன். வீடு பழசு. விரிசலை மறைக்கத்தான் லூசியா வந்தபிறகு கொடி நட்டிருக்கிறாள்’ என்று நோட்டில் எழுதி, அழகாக இருக்கிறது என்று அடிக்கோடும் போட்டான். கல்யாணமான புதிதில் மழைக்காலம் முழுக்க அந்த வரிசையிலேயே சுகுணாவுக்குப் படித்துக் காட்டினான். முதல் புத்தகத்திலேயே அவள் ஏதோ கேட்டாள். கதை ஓடும்போது நடுவில் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேல்முருகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நோட்டுக்கு ஒரு நகல் இருக்கட்டும், தீயோ கரையானோ யார் கண்டது என்றான். பலா மரத்தடியில் வெளிச்சம் பார்த்து அர்த்தனாரியே பக்கம் பக்கமாகப் பிரித்துப் பிடித்தான். வேல்முருகன் போனில் படம் எடுத்தான். அன்றைக்கு அவனுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார்கள்.

போன வருஷம் எமிலியோவின் முதல் தொகுதி வந்தது. புதிதாக யாரோ உரிமை வாங்கி, ‘முதன்முறையாகச் சரியான வரிசையில்’ என்று அட்டையிலேயே போட்டு, கெட்டி அட்டையில் நாலு தொகுதியாகக் கொண்டுவருகிறார்கள். உள்ளே ‘வரிசைப்படுத்தியவர்: கா. வேல்முருகன்’. விழாவில் அவனுக்குச் சால்வை போட்டதைச் சுகுணாதான் போனில் பார்த்துவிட்டுக் காட்டினாள். சுவரில் ஏறிய கொடியை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று அவன் மைக்கில் சொல்ல, கூட்டம் கைதட்டியது. கொடியில் வேல்முருகனுக்கு என்ன தெரியும்? மிளகை டப்பாவில் பார்த்தவன்.

அர்த்தனாரி அடுத்த நாளே காரவள்ளிக்கு இறங்கினான். சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் எழுபது வளைவும் நினைத்துக்கொண்டு போனான். அங்கே போனால் வேல்முருகன் நாற்காலியை இழுத்துப் போட்டு, மோர் கொடுத்து, தோளில் கைபோட்டுக்கொண்டான்.

“ஏனுங்ணா, கோவப்படாதீங்க. அங்க வர்றவங்கல்லாம் பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க. மலைமேல ஒருத்தரு மொளகு பறிச்சுக்கிட்டே கண்டுபுடிச்சாருன்னா நம்பறதுக்கு நாளாகுமுங்க. என்ற பேருல மொதல்ல உள்ள போயிரட்டும். அடுத்த தொகுதியில உங்க பேரு வருமுங்ணா. நான் வாங்கித் தாரேன்.”

அர்த்தனாரி மோரைக் குடித்துவிட்டு வந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வாய் கசக்கும். சட்டையைப் பிடிக்காததற்காக இல்லை, அந்தச் சொல்லை நம்பியதற்காகக்கூட இல்லை. அவன் சொன்னதைக் கேட்டு, அதுவும் சரிதானே என்று தலையாட்டினானே, அதற்காக.

இன்றைக்கு வேனிலிருந்து இறங்கி நேரே தன் காட்டுக்குப் போனான். மிளகு மரத்தடியில் உட்கார்ந்து கத்தியால் பார்சலைக் கிழித்தான். தொகுதி இரண்டு. முதல் பக்கத்தில் அதே வேல்முருகன். அடுத்த பக்கம் நன்றி, அதில் யார் யாரோ இருந்தார்கள். ஒவ்வொரு தாளாகத் தள்ளினான். கதைகள் முடிந்து, வாசகர் கடிதம் வந்தது. அதற்கும் கீழே, கட்டம் கட்டிய பெட்டிக்குள், பெயர் இருந்தது.

‘திருத்தம்: முதல் தொகுதியில் முதல் மூன்று கதைகள் தவறான இடத்தில் இடம்பெற்றுவிட்டன. கொல்லிமலை மிளகு விவசாயி திரு. அர்த்தனாரி என்பவர் அளித்த தவறான குறிப்பே இதற்குக் காரணம் என வரிசையாசிரியர் தெரிவிக்கிறார். வாசகர்கள் பொறுத்தருள்க.’

இரண்டு தடவை படித்தான். பெயரில் பிழை இல்லை. ‘திரு’கூடப் போட்டிருந்தார்கள்.

மேலே இருந்த கடிதம் சுவிட்சர்லாந்தில் இருபது வருஷமாக இருக்கும் ஒரு தமிழர் எழுதியது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அந்த மூன்று கதைகளிலும் சுவரில் இருப்பது விரிசல் இல்லை, கொடியேதான். பனிக்காலத்தில் இங்கே கொடிகள் ஓர் இலை விடாமல் உதிர்த்துவிட்டு வெறும் தண்டாக நிற்கும், வெயில் வந்ததும் மறுபடி தழைக்கும். மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்ததால் தரையில் கிடக்கும் பனி தெரியவில்லை. அவை லூசியா இறந்த பிறகு வரும் முதல் குளிர்காலத்துக் கதைகள், முதல் தொகுதியில் கொடுத்திருந்த வரிசைப் பட்டியலின்படி நாற்பத்தாறாவதற்கு, அவளைப் புதைக்கும் கதைக்குப் பின்னால் வரவேண்டியவை என்று இருந்தது.

அர்த்தனாரி தலைக்கு மேலே பார்த்தான். மிளகுக்கொடி பச்சையாக, அடர்த்தியாக, மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கார்த்திகைக் குளிரிலும் அப்படித்தான், சித்திரை வெயிலிலும் அப்படித்தான். இந்த மலையில் இலையில்லாத கொடி என்றால் செத்த கொடி, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். இலையைக் கொட்டிவிட்டு உயிரோடு நிற்கும் கொடியை அவன் எங்கே பார்த்தான்? அவர் சொன்னது பொய்யாக இருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். ஆனால் படிக்கும்போதே அது உண்மை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து மேட்டுக்குப் போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று வேல்முருகனைக் கூப்பிட்டான். அவன் முதல் மணியிலேயே எடுத்தான். பார்சல் வந்ததா, அட்டை எப்படி என்று உற்சாகமாகக் கேட்டான். அந்தப் பெட்டியைப் பற்றி அர்த்தனாரி கேட்டதும் குரல் கொஞ்சம் இறங்கியது. வெளிநாட்டிலிருந்து ஆளாளுக்குப் பிடித்துக் கேட்டார்களாம், பதிப்பகத்தார் விளக்கம் வேண்டும் என்றார்களாம்.

“நோட்டு உங்களுதுதானுங்ணா? நான் எப்படி இல்லீன்னு சொல்ல முடியும்?” என்றான்.

அர்த்தனாரி போனை வைத்துவிட்டான்.

வீட்டில் சுகுணா மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மருந்து எங்கே என்று கேட்கவில்லை. அவன் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, பேர் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். வந்திருக்கிறது என்றான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பெட்டியைப் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் கடிதத்துக்குப் போனாள். அதைப் படிக்க அவளுக்கு நிறைய நேரம் ஆயிற்று.

“அப்ப அது பொண்டாட்டி செத்ததுக்கப்புறமா” என்றாள். “அதுதான் ரெண்டு கிண்ணம் வெச்சிருக்கறான்.”

அர்த்தனாரிக்கு உடனே புரியவில்லை. அவளே எழுந்து உள்ளே போனாள். படுக்கையறைப் பலகையில் பூச்சிக்குப் பயந்து இடையிடையே மிளகு தூவி, உரப்பை பிளாஸ்டிக் சுற்றி அவன் அடுக்கியிருந்த அறுபத்திரண்டில் முதல் புத்தகத்தை உருவி எடுத்து வந்து, நாலாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். எமிலியோ மேஜையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். எதிரே காலி நாற்காலி. அதற்கு முன்னால் இன்னொரு கிண்ணம், ஆவி பறக்கிறது. ஆயிரம் தடவை பார்த்த படம். தபால் கொடுக்க யாரோ வரப்போகிறார்கள் என்று அவன் முடிவுகட்டி வைத்திருந்தான்.

“கல்யாணம் ஆகாதவன் எதுக்கு ரெண்டு கிண்ணம் வெப்பான்னு அப்பவே கேட்டனுங்க” என்றாள் சுகுணா. “கத ஓடறப்பக் கேக்கக்கூடாதுன்னீங்க.”

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கிழங்கு காய்ந்துவிடும் என்று திரும்பிப் போய்விட்டாள். அவன் புத்தகத்தோடு அங்கேயே நின்றான். காரவள்ளியில் மோர் குடித்த கசப்பு மறுபடி வாய்க்கு வந்தது. ஆனால் இந்தத் தடவை அதில் வேல்முருகன் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அடுக்கின் முன்னால் போய் நின்று மற்ற இரண்டையும் உருவினான். நாற்பத்தாறாவதைத் தேடி, அதற்குப் பின்னால் விரலால் நெம்பி இடம் பண்ணி, மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். நெருக்கி அடுக்கியவை, லேசில் விடவில்லை. மிளகு நாலைந்து உதிர்ந்து தரையில் உருண்டது. பலகையின் தொடக்கத்தில், மூன்று புத்தகம் எடுத்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனை வருஷம் நாலாவதாக நின்ற புத்தகம் பிடிமானம் இல்லாமல் மெதுவாக அந்த இடத்துக்குள் சாய்ந்தது. அதன்மேல் அடுத்தது சாய்ந்தது, அதன்மேல் அதற்கடுத்தது.