கடுகளவு லீவு

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'உள்ளே போடு' என்று பெயர். யார் எந்தப் புரோகிராமைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் சொல்வது அந்த இரண்டு சொற்கள்தான். கம்ப்யூட்டர் திரையில் எதுவும் தனியாகத் திறக்கக் கூடாது, ஒவ்வொன்றும் இன்னொன்றின் உள்ளே உட்கார வேண்டும் என்பது அவர் கொள்கை. கடிதத்துக்குள் கணக்குத்தாள், கணக்குத்தாளுக்குள் வரைபடம், வரைபடத்துக்குள் காலண்டர். அத்தனையையும் வடிவமைக்கிற பாவம் என் தலையில் விழுந்தது. விடுமுறைப் படிவத்தைக் காலண்டருக்குள் கடைசியாகச் செருகியவனும் நான்தான். லீவு கேட்கிறவன் கொஞ்சம் தேடட்டுமே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று காலை பதினொரு மணிக்கு மச்சினி போன் செய்தாள்.

"மாமா, அக்காவுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். உடனே கிளம்பி வாங்க."

மூத்தவள் பிறந்தபோது நான் போய்ச் சேர்ந்தது மறுநாள்தான். லீவுக்குக் கையெழுத்து வரட்டும் என்று காத்திருந்துவிட்டேன். அதைப் பற்றி என் மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, எனக்கு அதுதான் பயம். இந்த முறை பக்கத்திலேயே இருப்பேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

படிவத்தை அனுப்பிவிட்டு மேலாளர் அறைக்கு ஓடினேன். புரோகிராம்களில் பிழை பார்க்கிற அக்காவும் அங்கே ஏதோ வேலையாக உட்கார்ந்திருந்தாள். மேலாளர் கடிதத்தைத் திறந்தார், அதற்குள் கணக்குத்தாள், அதற்குள் வரைபடம் என்று இறங்கிக்கொண்டே போனார். ஐந்தாவது அடுக்கில் என் படிவம் கடுகளவு தெரிந்தது. 'சம்மதம்' என்கிற பொத்தான் அந்தக் கடுகுக்குள் எங்கோ இருந்தது.

"எங்கப்பா இருக்கு?" மேலாளர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"பெரிசு பண்ணுங்க சார்."

பண்ணினார். படிவம் தான் பெரிதாகலாமா என்று காலண்டரைக் கேட்டது. காலண்டர் வரைபடத்தைக் கேட்டது, வரைபடம் கணக்குத்தாளை, கணக்குத்தாள் கடிதத்தை. மேலாளர் சம்மதித்தால் தனக்கொன்றும் இல்லை என்றது கடிதம். மேலாளரின் சம்மதமோ கடுகுக்குள் இருந்தது.

"பூதக்கண்ணாடி புரோகிராமைத் திறங்க சார்" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

திறந்தார். விதிப்படி பூதக்கண்ணாடி நேராக என் படிவத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடுகுக்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் எல்லாம் நன்றாகப் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும், எங்களுக்குத்தான் புள்ளி தெரியவில்லை.

"எவ்ளோ ஒழுங்கா உள்ள போய் உக்காருது பாரு!" மேலாளர் பூரித்துப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடியும் போன். "மாமா, அக்காவப் பிரசவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"காலண்டர் வரைக்கும் வந்துட்டேன்மா" என்றேன். அந்த நிமிடம் அது சரியான பதிலாகத்தான் பட்டது.

பிழை பார்க்கிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, இந்த ரூம் கதவு பூட்டியா இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"அப்புறம் என்ன? போயேன்."

ஓடினேன். "அப்படி நேரா வெளிய போகக் கூடாதுப்பா! முதல்ல காலண்டரை மூடு, அப்புறம் வரைபடம்..." என்று மேலாளர் கத்துவது மாடிப்படி வரை கேட்டது.

பிரசவ அறைக்குள் நான் நுழைந்தபோது குழந்தை இன்னும் பிறக்கவில்லை. மனைவி என் கையை எட்டிப் பிடித்தாள். வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"இல்ல. சும்மா எந்திரிச்சு வந்துட்டேன்."

அடுத்த வலி வந்தது. அது அடங்கும்வரை என் விரல்களை நெரித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படி வந்திருக்கலாம்ல?" என்றாள்.