குன்றரங்கத்துக் கூண்டு

சட்டைப் பையின் மேல் தைத்திருந்த பூங்காவின் முத்திரையை அவள் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு உடுத்தப்போகும் சட்டை அது. அடுத்த அறையில் அவரைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்னடி பண்ற?" அம்மா கதவருகே நின்றாள்.

"இது வேண்டாம்மா."

"காலமெல்லாம் அதைத்தானே நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரிஞ்சாரு."

"அதான் நெஞ்சு வெடிச்சுப் போனாரு."

அம்மா சட்டையை வாங்கிக்கொண்டாள். முத்திரை இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே, "பூங்கா டைரக்டர் போன் பண்ணாரு. குன்றரங்கத்துல கொஞ்ச நேரம் வைக்கணுமாம். அவரே பேசுறாராம்" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

"முறைக்காதே. எனக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற? உங்கப்பா ஒரு நாள்கூட அந்த மேடையில ஏறினதில்ல. ஏறினவங்களை இறக்கித்தான் விட்டிருக்காரு. ஒரு தடவை ஏறட்டும்."



பூங்காவில் மூன்று மேடைகள் இருந்தன. குளத்தின் நடுவே மிதப்பதுபோல் ஒன்று, தோப்புக்குள் ஒன்று, குன்றின் சரிவில் கல் படிகள் அடுக்கிய பெரிய அரங்கம் ஒன்று. எதற்கும் கூரை இல்லை. அதனால் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் வானத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். குன்றரங்கத்தின் கடைசிப் படிக்கும் மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற கண்ணாடிக் கூண்டில் அப்பா உட்கார்ந்திருப்பார். காற்றோ மின்னலோ வருமென்று தோன்றினால் நிறுத்தச் சொல்வார். ஆட்டக்காரர்கள் பாதி ஆட்டத்தில் இறங்கி ஓடுவார்கள்.

ஒரு மாலை காற்று எழுந்தது. "நிறுத்திடுங்க சார்" என்று அப்பா வாக்கிடாக்கியில் சொன்னார். "முன்வரிசையில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியுமாய்யா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் இயக்குநர். சற்று நேரத்தில் விளக்குக் கம்பம் சாய்ந்து ஒரு நடனப் பெண்ணின் இடுப்பு நொறுங்கியது. விசாரணையில் இயக்குநர், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். பேசியதைக் கேட்டது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். இருவரில் யாரை நம்புவது என்பதில் எவருக்கும் குழப்பம் வரவில்லை.

அப்பாவைக் குளமேடையில் நாற்காலி துடைக்கப் போட்டார்கள். அங்கே ஒருநாள் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அவர் முகத்தில் துப்பிவிட்டுப் போனான். அப்பா கையிலிருந்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்த அவள் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். தான் பார்த்தது அவருக்குத் தெரியக் கூடாது என்று வெகுநேரம் நின்றாள். அதைப் பற்றி அவர்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை.

விபத்துக்குப் பிறகு புது விதி வந்தது. கூண்டில் ஆள் இல்லாமல் மேடையில் யாரும் ஏறக் கூடாது. கூண்டில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் மேடைக்கு மின்சாரம் நிற்கும், சைரன் ஒலிக்கும். யாராக இருந்தாலும், இயக்குநரே ஆனாலும், மறுபேச்சில்லாமல் இறங்க வேண்டும். அந்த வேலையை இயக்குநர் அவளுக்கே கொடுத்தார். "உங்க குடும்பத்தை நான் கைவிடல, பாத்தியாம்மா" என்றார். "நன்றி சார்" என்றாள் அவள்.

வண்டி பின்வாசல் வழியாக நுழைந்தது. பூங்கா ஆட்கள் பெட்டியைத் தோளில் வாங்கினார்கள். முன்னால் பிடித்தவன் விளக்குக்காரன். உயரத்துக்காகவும் ஒல்லிக்காகவும் அவனை எல்லோரும் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பெரியவரு உசிரோட இருந்தப்போ இவ்வளவு கனம் இல்லையே" என்றான் ஒட்டடை. "சொல்லாம வச்சிருந்ததெல்லாம் சேர்ந்து கனக்குது போல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாலையைப் பாத்தியா தங்கச்சி? டைரக்டர் எவ்வளவு பெரிசா வாங்கியிருக்கான் பாரு. கழுத்தறுத்தவனுக்குத்தான் கழுத்தளவு சரியா தெரியும்."

மேடை ஓரத்தில் அவர்கள் நின்றார்கள். கூண்டில் ஆள் இல்லை.

"நான் போறேன்" என்றாள் அவள்.

"பைத்தியமாடி உனக்கு?" அம்மா அவள் கையைப் பிடித்தாள். "பெத்த அப்பன் பெட்டியில கிடக்காரு. பக்கத்துல நிக்க வேண்டியவ நீ."

"ஆள் இல்லாம ஏத்த மாட்டாங்கம்மா. நீதானே அவரு ஏறணும்னு சொன்ன?"

"வேற ஒருத்தனை அனுப்புறேன் தங்கச்சி" என்றான் ஒட்டடை.

"வேணாம்ணே."

ஒட்டடை அவள் முகத்தையே பார்த்தான். "அங்க போய் என்ன பண்ணப்போற?"

"வானத்தைப் பாக்கப்போறேன்."

கூண்டுக்குள் வெயிலின் வெக்கை தேங்கியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே படிகள் இறங்கி இறங்கி மேடையில் முடிந்தன. அங்கே அப்பா இருந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி இருந்தார். வானம் கழுவி விட்டது போல் கிடந்தது. காற்றுமானி சுற்ற மனமில்லாமல் சுற்றியது.

எதிரே ஒலிபெருக்கி மைக் இருந்தது. அதைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அது அற்பமாகப் பட்டது. சொன்னால் அந்த ஆள் பதில் சொல்வார். துக்கத்தில் பேசுகிறாள், பாவம் என்பார். சொல்லுக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

இயக்குநர் மைக் முன்னால் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் உடைந்திருந்தது. உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது.

"இந்தப் பூங்காவோட கண்ணு அவரு. அவரு நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாளும் மறுத்ததில்ல. அவரு வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தேன். அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட ஒரே ஒரு நாள் ஒரு கவனக்குறைவு. அதையும் நான் மன்னிச்சேன்..."

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்பா பொய்யாக ஒருமுறையும் நிறுத்தியதில்லை. ஒரு தடவை பொய்யாக நிறுத்தினால் அப்புறம் நிஜமாக நிறுத்தும்போது ஒருத்தனும் இறங்க மாட்டான் என்பார். அழுத்தினால் அப்பாவும் இறங்க வேண்டியிருக்கும். அம்மாவின் பக்கம் பார்க்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள். பார்த்தால் விரல் நின்றுவிடும்.

அழுத்தினாள்.

"மன்னிச்சேன்" என்பதற்குப் பிறகு இயக்குநரின் வாய் மட்டும் அசைந்தது. சைரன் குன்று முழுக்கச் சுற்றி ஓய்ந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாக்கிடாக்கியில் இயக்குநரின் குரல் கரகரத்தது.

"என்னம்மா இது? ஒரு பொட்டு மேகம் இல்ல."

"இறங்குங்க சார்."

"நான் இன்னும் முடிக்கல."

"தெரியும். இறங்குங்க."

குரல் தாழ்ந்தது: "உங்கப்பாவையும் இறக்கணும். தெரியுமில்ல?"

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். சூடாக இருந்தது.

"தெரியும் சார்."

"நாளைக்கு நீ இந்த வேலையில இருக்க மாட்ட."

"நாளைக்குத்தானே."

கீழே ஒருவரும் அசையவில்லை. ஒட்டடை வானத்தைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான். பிறகு வாயருகே கையைக் குவித்துக் கத்தினான். "நிறுத்தம்! மேடையைக் காலி பண்ணுங்க! சார், உங்களைத்தான்!"

முதலில் பின்வரிசை எழுந்தது. அப்புறம் எல்லா வரிசைகளும் எழுந்தன. இயக்குநர் கையில் செத்துப்போன மைக்கோடு தனியாக நின்றார். ஒரு பெருக்குகிற பெண் அவரிடம் வந்து, மைக்கை வாங்கிக்கொண்டு, இறங்கும் படியைக் கையால் காட்டினாள். அவர் இறங்கினார்.

ஒலிபெருக்கிகளுக்கும் விளக்குகளுக்கும் ஆட்கள், மழைக்கு மாட்டுவதுபோல், பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவை நான்கு பேர் தூக்கினார்கள். ஒட்டடையும் இன்னும் மூன்று பேரும் நீலத் தார்ப்பாய் ஒன்றை உதறி விரித்து, நான்கு முனைகளையும் உயர்த்திப் பிடித்து, அவருக்கு மேலே பந்தல் மாதிரி கொண்டுவந்தார்கள். அம்மா எழுந்து போய் அதற்கடியில் சேர்ந்துகொண்டாள்.

வெயில் தார்ப்பாயில் ஊறிக் கீழே இறங்கியது. அப்பாவின் முகத்திலும் அம்மாவின் தலையிலும் ஒரே நீலம் விழுந்திருக்க, அவர்கள் நனையாமல் மெதுவாகக் கூண்டை நோக்கிப் படியேறி வந்தார்கள்.