நான்காம் கேபினுக்கு மட்டும் ஒரு விதி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நூர் முகமதுவின் பிரவுசிங் சென்டரில், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் செழியன் வைத்ததுதான் சட்டம். 2006இல் அங்கே இரண்டு லைன்கள் இருந்தன. ஒன்று புது பிராட்பேண்ட். மற்றது இழுத்து இழுத்து மூச்சுவிடும் பழைய டெலிபோன் லைன். சும்மா விட்டால், எல்லாக் கேபின்களையும் இன்டர்நெட்டுக்கு அனுப்பிவைக்கும் சர்வர், எங்கே போகிறாய் என்று மட்டும் பார்த்து வழிவிடும். எந்த கேபினிலிருந்து வருகிறாய் என்று கேட்டு, அதற்கேற்ற லைனில் தள்ளிவிடும்படி அதற்கு விதி எழுதி வைத்திருந்தான் செழியன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நர்சரி டீச்சர் அமலராணி நேராக நான்காம் கேபினுக்கு வருவாள். அவளுக்காகவே அந்த கீபோர்டைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பான் செழியன். ஒருநாள் அவள் வெப் கேமரா கேட்டாள். சிங்கப்பூரில் வெல்டராக இருக்கும் ஆனந்த்ராஜுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்களாம். அடுத்த வருஷம் கல்யாணம். உள்ளே அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. செழியனுக்கு வயிறு எரிந்தது. அவனிடம் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா?

மறுவாரமே ஒரு விதி எழுதினான்: நான்காம் கேபினிலிருந்து எது கிளம்பினாலும் பழைய லைன்தான். பேச்சு அறுந்தால் சம்பந்தமும் அறுந்துவிடும் என்பது செழியன் ஐயாவின் கணக்கு.

அந்த ஞாயிறு திரையில் மாப்பிள்ளையின் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோனது. செழியனுக்குப் பாயசம் குடித்தது போலிருந்தது.

"என்னண்ணே, படம் அசையவே மாட்டேங்குது. வேற கேபின் குடுங்களேன்."

"எல்லாத்துலயும் ஆளு இருக்கு. சிங்கப்பூர் லைனே இப்ப அம்புட்டுத்தான்" என்றான், அந்த 'அண்ணே'யை விழுங்கிக்கொண்டு.

வாராவாரம் இதே கதை. சிரிப்பு நின்றது. வாடிய முகத்தோடு பாதியில் எழுந்துபோவாள். அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. விதியை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. பிறகு அவள் வருவதே நின்றது. கணக்கு பலித்துவிட்டது என்று செழியன் தலைகால் புரியாமல் திரிந்தான்.

ஒரு சனிக்கிழமை வந்தாள். கூடவே நெட்டையாக ஒருவன்.

"இவுகதாண்ணே அவுக. வர்ற வியாழக்கெழமை எங்களுக்குக் கல்யாணம்."

ஆனந்த்ராஜ் செழியனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க லைன் மட்டும் நல்லா இருந்திருந்தா, அடுத்த வருசம் வரைக்கும் பேசிக்கிட்டே கெடந்திருப்பேன். இவ மொகத்தப் பாக்க முடியலேங்கவும் இருப்புக் கொள்ளல, லீவப் போட்டுக் கெளம்பி வந்துட்டேன். நீங்க அவசியம் வந்துரணும்."

"வாரேன்" என்றான் செழியன்.