இரண்டு தடவை உட்கார்ந்த கெஹிண்டே

வெள்ளிக்கிழமை காலை ஒயெவாலேயின் ஸ்டுடியோவில் ஆறு வயதுக் கெஹிண்டே பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கவுன் போட்டுக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்றால் அவன் வரப்போவதில்லை. அங்கேயே இருந்து மீசை முளைத்துக் கிழவனாகக்கூட ஆகிவிடுவான்.

அவன் அம்மா அயோக்கா கையில் அந்தக் கவுனோடு நின்றாள். கெஹிண்டேயின் சட்டைக்கு எடுத்த அதே நீலப் பூத்துணியில் தைத்தது. தையற்காரன் அளவு கேட்டபோது, "இவனுக்கு எடுத்த அளவுதான்" என்றாள். அவனும் மறுபேச்சு பேசாமல் தைத்துக் கொடுத்தான். அவர்கள் ஊரான இலாவில் யாரும் இதற்கெல்லாம் விளக்கம் கேட்கமாட்டார்கள். இரட்டையரில் ஒன்று போய்விட்டால், இருக்கிறதை இரண்டு தடவை உட்காரவைத்து ஒரே படமாக எடுப்பது ஒயெவாலேக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும் வேலை. போனது பெண், இருப்பது பையன் என்றால் ஒரு தடவை கால்சட்டை, ஒரு தடவை கவுன். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கெஹிண்டேக்கு அது அவ்வளவுதான் இல்லை. ஸ்டுடியோவின் ஜன்னலில் ஏழு தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஏழும் அவன் வகுப்பு.

"கெஹிண்டே, கம்மல் போட்டுக்கலையா?" என்றது ஒரு தலை.

"போடா, ஒன் மூஞ்சிக்குப் போடு" என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

ஒயெவாலே மூன்றுகாலிக் காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். "ரெட்டைப்புள்ள அம்மா, பாதிப் படம் எடுத்தாச்சு. இவன் பையனா ஒக்காந்த பாதி உள்ள இருக்கு. இந்தக் காமிராவ யாராச்சும் ஒரு விரக்கடை நகத்துனாக்கூட எல்லாம் போச்சு. நான் தும்மக்கூட பயந்துக்கிட்டு நிக்கறேன்."

"நான் என்ன பண்ணட்டும் அண்ணே. கடலை வாங்கித் தரேன்னேன், கேக்கல. அக்காரா வடை வாங்கிக் குடுத்தேன். அதத் தின்னுட்டும் கேக்கல."

சாதாரணமாக இதெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற விஷயம். அயோக்காவுக்கு இன்னொரு நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டுக்கு வருகிறார். வரும்போது கையில் ஒரு கோணிப்பையும் வரும்.

அவள் கணவன் லாடிப்போ நல்லவன். அவனிடம் உள்ள ஒரே குறை, கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பான். இந்த வருஷம் கடைசியாகப் பேசியது புதுச் சபைக்காரர்கள். வீட்டில் மரப்பொம்மை ஏதும் இருக்கக்கூடாது, போதகர் இடோவு நேரில் வந்து பையில் வாங்கிக்கொண்டு போவார் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் நாலு வீடு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அயோக்கா இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் லாடிப்போ இறங்கிவந்தான். "படம்னா பரவாயில்லையாம். படம் எல்லாரும் மாட்டறதுதானாம். ஞாயித்துக்கெழமக்குள்ள செவுத்துல படம் இருந்தா, பொம்மைக்குப் பதிலா இதத்தான் வச்சுருக்கோம்னு அவர்கிட்ட நான் பேசிக்கறேன்." இவன் பேசி என்ன கிழிப்பான் என்பது அயோக்காவுக்குத் தெரியும். ஆனாலும் கையில் கிடைத்த கயிறு அது ஒன்றுதான்.

அந்த மரப்பொம்மையில் இருப்பவள் டாய்வோ, கெஹிண்டேயோடு இரட்டையாகப் பிறந்தவள். ஒரு சாண் உயரம், பெரிய தலை, அவுரி நீலம் ஏற்றிய கொண்டை, இடுப்பில் சோழிக் கயிறு. எட்டு மாதத்தில் போன குழந்தைக்குச் செதுக்கியது. ஆனால் கொங்கையும் வளர்ந்த பெண்ணின் நிமிர்வுமாகத்தான் செதுக்கியிருந்தான் தச்சன். அதுதான் முறை. அயோக்கா அவளைக் குளிப்பாட்டிச் செம்பொடி பூசி எண்ணெய் தேய்த்ததில், ஐந்து வருஷத்தில் மூக்கு பாதி தேய்ந்துவிட்டது. கெஹிண்டேக்குச் செருப்பு வாங்கினால் அவளுக்கும் ஒரு பாசிமணி. கெஹிண்டேக்குக் காராமணி வைத்தால் அவள் வாயிலும் ஒரு பருக்கை. சந்தைக்குக் கருவாடு விற்கப் போகும்போது அவளை இடுப்புத்துணியில் செருகிக்கொண்டுதான் அயோக்கா போவாள். இப்போதும் அங்கேதான் இருந்தாள்.

அயோக்கா குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். திட்டலாமா என்று நினைத்தாள். திட்டித் திட்டித் தொண்டை வறண்டுபோயிருந்தது. தரையிலேயே உட்கார்ந்தாள். டாய்வோவை இடுப்பிலிருந்து எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"சரி, நீ வரவேணாம். இவளே ஒக்காரட்டும்."

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. பிறகு, "இவ ஒக்காந்தா போதகர் பையில போட்டுருவாரே" என்றது குரல்.

"போடுவாருதான். அதுக்குத்தான் இவளுக்குப் பதிலா யாராச்சும் ஒக்காரணும்னு பாத்தேன். வேற யாரு இருக்கா? பக்கத்து வீட்டு மோயோவ வேணா கூப்புடட்டுமா?"

"மோயோ மூஞ்சி டாய்வோ மூஞ்சி மாதிரியா இருக்கு?" என்று கெஹிண்டே கோபமாகக் கேட்டான்.

"அப்ப யாரு மூஞ்சி இருக்கு?"

கெஹிண்டே பெஞ்சின் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு வேறு பக்கமாகப் போனான். "நான் பெரியவன்தானே அம்மா?"

"நீதான் பெரியவன்."

இலாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு தெரியும். முதலில் வெளியே வருவது டாய்வோ. ஆனால் மூத்தது கெஹிண்டே. உள்ளே இருக்கும்போதே மூத்தது இளையதை அனுப்பும்: போ, போய் உலகம் எப்படி இருக்கு என்று பார்த்துவிட்டுச் சொல். இளையது போய்ப் பார்த்து ஓங்கி அழும். பரவாயில்லை போலிருக்கிறது என்று மூத்தது பின்னாலேயே வந்து சேரும். கெஹிண்டே இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறான். அதில் அவனுக்குப் பிடித்ததே, தான் உத்தரவு போட்ட இடம்தான்.

"நான் போகச் சொன்னதும் அவ போனா" என்றான்.

"போனாளே. ஒரு பேச்சு பேசல."

"சட்ட துணியெல்லாம் இல்லாமயே போனா."

"ஆமா. அதான் அழுதா போலருக்கு."

கெஹிண்டே வெளியே வந்தான். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "ஒரே ஒரு தடவதான். ஜன்னலச் சாத்தணும்."

ஒயெவாலே பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினான். போகிற வேகத்தில் காமிராவின் காலைத் தட்டியிருப்பான். அயோக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு கெட்டிருக்கும்.

கவுன் ஏறியது. பித்தளைக் கம்மல் திருகியதும், "வலிக்குது" என்றான். "டாய்வோவுக்கும் வலிச்சுருக்கும்" என்றாள். அயோக்கா தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் தலையில் சுற்றி மடிப்பெடுத்துக் கட்டினாள். பெஞ்சின் மேலிருந்த டாய்வோவை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பெஞ்சின் நடுவில் சாக்பீஸ் கோடு கிழித்திருந்தது. முன்பு வலப்பக்கம் உட்கார்ந்தவன், இப்போது இடப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

"கோட்டத் தாண்டக் கூடாது, தெரியுதா?" என்றான் ஒயெவாலே. "அப்பவே ஒன் கைய நீட்டிக் கோட்டு மேல வச்சுட்ட. எடுடான்னா எடுக்கல. கை மணிக்கட்டோட வெட்டுப்பட்டு வரப்போகுது. அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது." முணுமுணுத்தபடியே காமிராக் கண்ணாடியின் இன்னொரு பாதியைக் கறுப்பு அட்டையால் மூடினான். "அம்மா, தல குனிஞ்சுருக்கு பாருங்க. நிமுரச் சொல்லுங்க."

"டாய்வோ" என்றாள் அயோக்கா.

"என்னம்மா" என்று கெஹிண்டே நிமிர்ந்தான்.

விளையாட்டுக்காகச் சொன்னானா, மறந்து சொன்னானா, தெரியவில்லை. கம்மல் ஆடியது. தலைத்துணிக்குக் கீழே பெண்குழந்தையின் நெற்றி. ஒரு பக்கம் மட்டும் குழிவிழும் கன்னம். ஐந்து வருஷமாக அயோக்காவின் கையில் இருந்தவள் எட்டு மாதக் குழந்தை, இல்லையென்றால் மரத்தில் வளர்ந்துநின்ற பெண். நடுவில் இருந்த வருஷங்களை எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. ஆறு வயது டாய்வோ இப்படித்தான் இருந்திருப்பாள். பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு, கொஞ்சம் கோபமாக. போதகரை ஏமாற்ற ஒரு படம் எடுக்க வந்தவள், பெற்ற மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில்தான் கொட்டியது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரும் அசையாதீங்க" என்றான் ஒயெவாலே.

யாரும் அசையவில்லை.

படம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. லாடிப்போ சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தான். ஒரே பெஞ்சில் அண்ணனும் தங்கையும். அண்ணனின் கை நடுக்கோடு வரை வந்திருந்தது. இந்தப் பக்கம் தங்கையின் கையும் அதே இடத்துக்கு வந்திருந்தது. ஒயெவாலே பயந்தபடி எதுவும் வெட்டுப்படவில்லை. இரண்டும் கோர்த்துக்கொண்டிருந்தன.

"இங்க கைய வையின்னு யாருடா சொன்னது?" என்று லாடிப்போ கேட்டான்.

"யாரும் சொல்லல. எங்க வச்சேன்னு எனக்குத் தெரியாதா?" என்றான் கெஹிண்டே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் இடோவு வந்தார். ஆஜானுபாகுவான மனிதர். வெள்ளை அங்கி. கோணிப்பையைப் பின்னால் அவர் மனைவி தூக்கிவந்தாள். பையில் ஏற்கெனவே ஏதோ கடகடத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அயோக்காவின் கை தானாக இடுப்புக்குப் போனது. டாய்வோ அங்கேதான் இருந்தாள். மேல்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

லாடிப்போ பேசிக்கொள்வதாகச் சொன்னான் அல்லவா? வாயைத் திறந்தான். "வாங்க போதகரே" என்றான். அதோடு அவன் பேச்சு தீர்ந்துவிட்டது.

போதகர் படத்தின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் தங்கையின் வாய்க்கு மேல் செம்பனை எண்ணெய் பளபளத்தது. ஒரு காராமணித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் கெஹிண்டே முக்காலி போட்டு ஏறி ஊட்டியிருக்கிறான். அயோக்கா அதை இப்போதுதான் பார்த்தாள். தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"பையன் ஒருத்தன்தான்னு சொன்னாங்களே" என்றார் போதகர். "இந்தப் பொண்ணு எங்க?"

ஒயெவாலேயின் வேலையை அறியாதவர் இல்லை அவர். தெரிந்துகொண்டேதான் கேட்டார். லாடிப்போ அயோக்காவைப் பார்த்தான். அயோக்கா தரையைப் பார்த்தாள்.

"ஒரு வேலையா அனுப்பிருக்கேன்" என்றான் கெஹிண்டே.

போதகர் திரும்பினார். "யாரு அனுப்புனது?"

"நான்தான். நான் பெரியவன்."

"எங்க அனுப்பின?"

"முன்னாடி. அவதான் எப்பவும் முன்னாடி போவா. போயி எப்படி இருக்குன்னு பாப்பா. அப்பறமா நான் போவேன்."

போதகரின் மனைவி பையைத் தரையில் வைத்தாள். கெஹிண்டே போதகரை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குத்தான் இடோவு என்று பெயர் வைப்பார்கள்.

"ஒங்க பேரு இடோவுதானே?"

"ஆமா."

"அப்ப நீங்க எங்களுக்குத் தம்பி."

லாடிப்போ மகனின் வாயைப் பொத்த எட்டினான். அதற்குள் போதகரின் மனைவி சிரித்துவிட்டாள். முக்காட்டால் வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை, தோள் குலுங்கியது. "சரியாத்தானே சொல்றான்" என்றாள். "ஒங்கம்மா இருந்திருந்தா ஒங்க காத முறுக்கிருப்பாங்க."

போதகர் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தையே பார்த்தார். பிறகு, சபையில் பேசும் குரலை விட்டுவிட்டு, வேறொரு சின்னக் குரலில் பேசினார். "எங்க வீட்டுல ரெண்டு பேரு இருந்தாங்க. ரெண்டுமே போயிருச்சு. எங்கம்மா ரெண்டையும் செதுக்கி வச்சுருந்தா. அவங்களுக்கு வச்சுட்டுத்தான் எனக்கு வைப்பா. பசியில நான் கத்துவேன். அண்ணன்க சாப்புடட்டும்டா மொரடா, அப்பறம் நீயின்னுவா."

அயோக்காவின் பழகிய கை சட்டியைத் திறந்தது. காராமணியும் செம்பனை எண்ணெயும் மணத்தன. ஒரு தட்டு நிறைய அள்ளி முதலில் போதகர் முன் வைத்தாள், விருந்தாளி என்று.

அவர் தட்டைக் கையால் தள்ளினார். "அவங்களுக்கு வைம்மா மொதல்ல. நான் தம்பி. இருக்கேன்."

கெஹிண்டே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் தட்டை வாங்கிக்கொண்டான். இரண்டாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அயோக்கா நின்றாள். படத்தின் கீழே வைக்கலாம். அப்படி வைத்தால் யாருக்கும் ஒரு பேச்சும் இருக்காது. கோணிப்பை காலடியிலேயே கிடந்தது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இடுப்புத்துணியை நெகிழ்த்தி டாய்வோவை வெளியே எடுத்து, அண்ணன் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் முன்னால் தட்டை வைத்தாள்.

லாடிப்போ கண்ணை மூடிக்கொண்டான்.

போதகர் அண்ணாந்து பார்த்தார். "கூரையில ஓட்ட இருக்குபோலருக்கே" என்றார். கெஹிண்டே தங்கைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தின்று முடிக்கும்வரை அவர் தலையை இறக்கவே இல்லை. போகும்போது கோணிப்பையை அவரே தூக்கிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து அதில் ஒன்றும் ஏறவில்லை.

கூரையில் ஓட்டை ஏதும் கிடையாது. போன மாதம்தான் லாடிப்போ புதுத் தகரம் போட்டிருந்தான்.