சோத்துக்கைப் பக்கம்

"இன்னும் ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும் மதினி—"

"வந்துரும் வந்துரும்னு விடிஞ்சதுலருந்து இதத்தான சொல்ற! அங்கன ஒங்கண்ணன் கெடக்காக—"

"அண்ணன் கெடக்கப்போயித்தான இந்தப் பாடு! நீங்க போயி தலமாட்டுல ஒக்காருங்க—"

"தலமாட்டுல ஒக்கார ஊரே இருக்கு. கெங்குவார்பட்டியிலருந்து எம்மகளக் கூட்டியாரத்தான் நாதியில்ல!"

கர்ணன் ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினான். தொழுவத்தில் நின்ற பட்டாளத்து மோட்டார் சைக்கிள் அவனோடு சேர்ந்து ஆடியது. நட்டு மட்டும் அசையவில்லை.

அந்த நட்டு பிடித்திருக்கும், சங்கிலியை இழுக்கிற பல்சக்கரம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. தெருமுனை தாண்டுமுன் சங்கிலி நழுவிவிடும். வேறு சக்கரம் வாங்கி வைத்திருந்த அண்ணன் வீரணன், அதை மாட்டுமுன்பே விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சின்னமனூரில் பெட்ரோல் தட்டுப்பாடு, பஸ் ஓடவில்லை. மாட்டு வண்டி போய்த் திரும்ப மறுநாள் ஆகிவிடும். சித்திரை வெயில் தாங்காது, பொழுது சாயுமுன் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மலையம்மாள் ஒரே மகள். அப்பன் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்க வேண்டுமானால், டேங்கில் பெட்ரோல் மிச்சமிருக்கிற இந்த வண்டிதான் போக வேண்டும்.

நாத்தனார் இருளம்மாள், வீரணனின் மனைவி மாயக்காளின் காதருகே குனிந்தாள். "அவ வந்திருக்கா."

"எவ?"

"இட்லிக்கடைக்காரி."

மேகமலை அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் கிருபாவதி. வீரணனின் வண்டி இந்தத் தொழுவத்தில் நின்றதைவிட அந்தக் கடைப் பின்வாசலில் நின்றதுதான் அதிகம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தெரியாத மாதிரி இருப்பார்கள்.

"வாசலத் தாண்ட விட்டுறாதீக. சாகுறப்பயாச்சும் எம்மடியிலதான் செத்தாக. எனக்கு அது போதும்."

"ஒங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லணுமாம். வண்டிச் சங்கதியாம்."

"அவ சொல்லித்தான் எங்க வீட்டு நட்டு கழலணுமாக்கும்!"

தெருவில் பாடைக்கு மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது. குழாய் வழுக்கி, கர்ணனின் விரல் முட்டியெல்லாம் ரத்தம். "முடியல மதினி. புள்ள மொகம் பாக்காமத்தான் எடுக்கணும்போல."

மாயக்காள் எழுந்து தெருவுக்குப் போனாள்.

பூவரச மரத்தடியில் தனியாக நின்றாள் கிருபாவதி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. இவள் எப்போது அழுதாள்? யாரைக் கேட்டு அழுதாள்?

"அக்கா—"

"அக்காங்காத. சொல்ல வந்ததச் சொல்லு."

"மத்த நட்டெல்லாம் பீச்சாங்கைப் பக்கம் கழலும். அது ஒண்ணு மட்டும் சோத்துக்கைப் பக்கமாத் திருப்பணும். இவுக இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும். பின்சக்கரத்துப் பிரேக்க ஒரு ஆளு அமுத்தி மிதிச்சுக்கிரணும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கிருபாவதி தரையைப் பார்த்தாள். "நாந்தான் மிதிப்பேன்."

ஒருநாள் ஆசையாக ஈரத்துணியோடு வண்டியைத் துடைக்கப் போன மாயக்காளிடம், 'ஒனக்கென்ன தெரியும் இதப் பத்தி, தள்ளு' என்றிருந்தார் வீரணன்.

அவள் திரும்பி வந்தாள். தொழுவத்தைச் சுற்றி ஆம்பளைகள் நின்றார்கள். தெருவரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கர்ணா, நிறுத்து. இப்பத்தான் நெனப்பு வருது. சோத்துக்கைப் பக்கமாத் திருப்பணும்னு ஒங்கண்ணன் சொல்லியிருக்காக."

"எந்த நட்டு மதினி அப்பிடிக் கழலும்? வண்டியப் பத்தி ஒங்களுக்கு என்ன—"

"எம்புருசன் எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டடா சொல்லுவாக?"



மாயக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே பிரேக்கின் மேல் ஏறி நின்றாள். கர்ணன் நம்பாமல்தான் ஸ்பானரை மாற்றிப் போட்டான். முக்கி இழுத்தான். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நட்டு சுழன்றது.

புதுச் சக்கரத்தை மாட்டி, அவன் புழுதி கிளப்பிக்கொண்டு கிளம்பியபோது, பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "புருசன் பொண்டாட்டின்னா இப்பிடில்ல இருக்கணும். வண்டி நட்டு வரைக்கும் சொல்லிவச்சிட்டுப் போயிருக்காக பாருங்க."

"குடுத்துவச்சவ," என்றாள் இன்னொருத்தி.

மாயக்காளுக்கு உள்ளங்கால் இன்னும் எரிந்தது. மறுபடியும் தெருவுக்குப் போனாள். கிருபாவதி அங்கேயேதான் நின்றாள். மாயக்காள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அணைத்துப் பிடித்த பிடியில்லை, கன்றுக்குட்டியை இழுத்து வருகிற பிடி. ஊர் பார்க்க உள்ளே கூட்டிவந்து, வீரணனின் கால்மாட்டில் உட்காரவைத்தாள். ஒப்பாரி சட்டென்று நின்று, சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுந்தது.

அந்தச் சத்தத்துக்குள் மாயக்காள் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். வீரணனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு அசைவது தெரியாமல் கேட்டாள்:

"வேற என்னல்லாம் சொல்லியிருக்காக ஒங்கிட்ட?"