அறுபத்தெட்டு சதவீதத்தில் அப்பா

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதற்கு என்ன பொருள் என்றால், வீட்டில் எந்தச் சாமானில் விளக்கு எரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடலாம். இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்றால்கூட "நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே, பாரேன்" என்பார்கள்.

போன பருவத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் எனக்குத் தொண்ணூற்றொன்று. ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவஞானிகள், மொத்தம் ஐந்தே கரண்டி, ஆளுக்கு இரண்டு கரண்டி வேண்டும், யாரும் பட்டினி கிடக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்ற பிரச்சினையை நான் இரண்டு விதமாகத் தீர்ப்பேன். ஆனால் ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்று என்றால், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாது. பாடத்திட்டத்தில் அது இல்லை. எங்கள் வகுப்பில் அது தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவன். மொத்தம் ஏழு பாடம் பாக்கி. அவனை எல்லோரும் அரியர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

அரியர் புது சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்த பென் டிரைவோடு சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சித்திக்கு ஒரு தேர்வு.

சித்தி அம்மாவின் தங்கை. ஒரு மருத்துவமனையில் பில் போடும் கவுன்டரில் ஒன்பது வருடம் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் அந்த இடத்தில் தொடுதிரை வைத்த ஒரு பெட்டியை நிறுத்திவிட்டுச் சித்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு சூட்கேஸோடு எங்கள் முன் அறைக்கு வந்தாள். சூட்கேஸை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. தினமும் அதிலிருந்தே உடுப்பை எடுத்து, துவைத்து, அதிலேயே வைத்துக்கொள்வாள்.

வீட்டிலிருந்தபடி மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்றுக்கு இப்போது அழைப்பு வந்திருந்தது. தேர்வைக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது. நாலு பத்துக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். தவறவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தளத்துக்குள் போய்ப் பார்த்தபோது, உங்கள் சிஸ்டம் மிகப் பழையது என்று சொல்லி அது கதவைச் சாத்திக்கொண்டது.

"பழசுன்னு என்னைத்தான் சொல்லுதோன்னு நெனச்சேன்" என்றாள் சித்தி.

புதிதாக ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் முதலில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் விண்ணப்பம் ஒன்று, விண்ணப்பம் இரண்டு என்று நாற்பத்து மூன்று வரை வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் எடுத்து வைக்கணுமா சித்தி?"

"அழிச்சுடு. அவங்களே படிக்கல. நாம வச்சு என்ன பண்றது?"

பென் டிரைவிலிருந்து கிளம்பச் சொல்ல, லேப்டாப் விழிக்கும் அரை நொடிக்குள் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எஃப் டூவா, எஃப் டுவெல்வா, எஸ்கேப்பா, டெலிட்டா என்பது அதைச் செய்தவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். நான் ஐந்து முறை தோற்றேன். சித்தி என்னை முழங்கையால் தள்ளிவிட்டு, நாலு பொத்தான் மேலும் நாலு விரலை வைத்து மாற்றி மாற்றித் தட்டினாள். முதல் தடவையிலேயே திறந்தது.

சதவீதம் ஏற ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. ரொம்ப நேரம் இரண்டு. பெயின்ட் காய்வதைப் பார்ப்பதுகூட இதைவிடப் பரபரப்பாக இருக்கும். பத்தே முக்காலுக்கு அறுபத்தெட்டு ஆனபோது, இனி இது தானாகப் போகும் என்று நான் குளிக்கப் போனேன். சித்தி துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

திரும்பி வந்தால் திரை கறுப்பு. சுவரில் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அறைக்கு வெளியே அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா மின்சார மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய், ஊரார் எவ்வளவு கரண்ட்டை வீணடிக்கிறார்கள் என்று எழுதி எழுதி, அந்தத் துக்கம் அவருக்குள் தங்கிவிட்டது. ஆளில்லாத அறையில் பச்சையாக ஒரு பொட்டு விளக்கு எரிந்தாலும் அவருக்குக் குழாய் ஒழுகுகிற மாதிரி. ராத்திரி படுக்கும் முன் வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் ஒரு சுற்று வந்து அணைத்துவிட்டுத்தான் படுப்பார்.

"அப்பா, ஸ்விட்சை அணைச்சீங்களா?"

"ஆமா. ஆளில்லாத ரூம்ல எதுக்கு எரியுது?"

"எரியலப்பா. ஏறிட்டு இருந்துச்சு."

"என்ன ஏறிட்டு இருந்துச்சு?"

"சிஸ்டம்."

"அதுல பேட்டரி இருக்குமே?"

"பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு அத்தான்" என்றாள் மாடியிலிருந்து இறங்கி வந்த சித்தி. "பிளக்ல இருந்தாதான் உசுரு."

அப்பாவின் முகம் கொஞ்சம் மாறியது. "சரி, இப்ப போட்டா விட்ட எடத்துலேருந்து போகும்ல?"

"இல்லப்பா. இது பஸ் இல்ல."

மறுபடி முதலிலிருந்து. ஒரு தாளில் கொட்டை எழுத்தில் 'தொடாதே' என்று எழுதி ஸ்விட்சுக்கு மேல் ஒட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தார்.

"தொடாதேவா? வீட்ல பெரியவங்க இருக்காங்கன்னு ஒரு மரியாதை வேணாமா?"

'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று மாற்றி எழுதினேன். திருப்தியாகப் போனார்.

லேப்டாப்பை எழுப்பியபோது, தேதியும் நேரமும் இல்லை, தொடர எஃப் ஒன்றை அமுக்கவும் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அமுக்கினேன்.

"தேதி போடலியா?" என்றாள் சித்தி.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும் சித்தி. இப்பல்லாம் கம்ப்யூட்டர் அப்படித்தான்."

"அப்படியா" என்றாள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற குரல்.

பன்னிரண்டே முக்காலுக்கு நூறு சதவீதம். நீல நிறத்தில் ஒரு மலைப் படம் வந்து நின்றது. கீழே ஓரத்தில் ஒரு சின்ன உருண்டையும் அதன்மேல் ஒரு பெருக்கல் குறியும். வைஃபை இல்லை. அப்பா மோடத்தை அணைத்துவிட்டாரோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தார். போட்டுவிட்டு வந்தும் பெருக்கல் குறி போகவில்லை. இந்த லேப்டாப்பில் வைஃபை என்று ஒன்று இருப்பதே புது சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்த டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். இதற்கு டெட்லாக் என்று பெயர். வரையறை எழுதி, படம் வரைந்து, பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.

அரியருக்குப் போன் போட்டேன்.

"மச்சி, வண்டி கழுவிட்டு இருக்கேன், சீக்கிரம் சொல்லு."

சொன்னேன்.

"போனை கேபிள்ல சொருகி, நெட்டைப் பகிருன்னு போடு. போனே மோடமாயிடும். இதுக்குப் போய் எதுக்குடா அழுவுற?"

"நான் அழல."

"குரல்ல ஈரம் தெரியுது. தொண்ணூத்தொண்ணு வாங்கினவன்லாம் இப்படித்தான்."

சொருகினேன். போன் சார்ஜ் ஏறியது. நெட் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் போனையும் லேப்டாப்பையும் மாற்றி மாற்றி அணைத்துப் போட்ட பிறகுதான், என் கேபிள் சார்ஜுக்கு மட்டும் லாயக்கானது, விவரம் எதையும் கடத்தாது என்று புரிந்தது. அதுவும் என்னைப் போலத்தான். அப்பாவின் கேபிளை வாங்கிச் சொருகியதும் பெருக்கல் குறி மறைந்தது. மணி இரண்டரை.

சித்தி எழுந்துபோய் முகம் கழுவி, சூட்கேஸின் அடியிலிருந்து இஸ்திரி போட்ட உடுப்பை எடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். தேர்வில் கேமரா உண்டு. நான் தளத்தின் முகவரியைத் தட்டினேன்.

உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல.

வேறு தளம். பாதுகாப்பானதல்ல. தேடுபொறி. பாதுகாப்பானதல்ல. உலகத்தில் எந்த இடமும் எங்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. பிரவுசரை அழித்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். அமைப்புகளில் எனக்குப் புரியாதவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், பிறகு எதை மாற்றினேன் என்று மறந்துபோனேன். அரியர் போனை எடுக்கவில்லை. மணி மூன்று. மூன்றேகால். முதுகு ஒரு பக்கமாக மரத்துவிட்டது. அப்பா இரண்டு முறை வாசலில் வந்து நின்று, எதுவும் கேட்காமல் போனார். அவர் கேட்டிருந்தாலாவது கத்தியிருக்கலாம்.

மூன்று நாற்பதுக்கு நான் கைகளை மடியில் போட்டுக்கொண்டேன்.

"சித்தி, தேதி மாத்திக் கேக்க முடியாதா?"

"என்ன தேதி?"

"தேர்வுத் தேதி."

அவள் கையில் வைத்திருந்த அடையாள அட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். "நகரு, நான் ஒரு தடவை பாக்கறேன்" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் பார்வை போனது நான் நாள் முழுக்கப் பார்க்காத வலது கீழ் மூலைக்கு.

"டேய். தேதியே போடலியேடா."

ஜனவரி ஒன்று. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று, அதிகாலை நாலே முக்கால்.

"இந்தத் தேதியில நான் வேலைக்கே சேரல" என்றாள் சித்தி.

தினமும் காலையில் அந்த லேப்டாப் ஜனவரி ஒன்றில்தான் விழித்திருக்கிறது. உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு, அது செத்திருக்கிறது. அப்பா ராத்திரி ஸ்விட்சை அணைத்ததும் அதற்கு நாள் கிழமை எல்லாம் மறந்துவிடும். எட்டு மாதமாகச் சித்தி காலையில் முதல் காரியமாகத் தேதியைப் போட்டுவிட்டுத்தான் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். அது கோளாறு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையிலும் காலையில் வந்ததும் ரப்பர் முத்திரையில் தேதிச் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் முதல் பில்.

"ஏன் சித்தி முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. அதுவே பாத்துக்கும்னு நீதான் சொன்னே. புதுசுல அப்படி போலன்னு விட்டுட்டேன்."

தளங்கள் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதி என்று ஒன்று உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் நிற்கிறவனிடம் இந்த வருடத்துச் சான்றிதழைக் காட்டினால் போலி என்றுதான் சொல்வான். இதுவும் பாடத்தில் இருந்தது. பதினாறு மதிப்பெண் கேள்வி.

சித்தி தேதியைப் போட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் போட்டாள். தளம் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது. மூன்று ஐம்பத்தாறுக்குக் கேமராவில் அவள் முகம் வந்தது. அவள் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கேமராவில் படாமல் சுவரோரமாகப் போட்டு, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ எழுதும்மா. இதை நான் பாத்துக்கறேன்."

இந்த வீட்டில் அந்த ஸ்விட்சுக்கு இருந்த ஒரே ஆபத்து அதற்குக் காவலாக உட்கார்ந்தது.

காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரு டாக்டர் வேகமாக எதையோ சொல்ல, சித்தி தட்ட ஆரம்பித்தாள். ஓட்டுக்கூரையில் மழை விழுகிற சத்தம். எட்டு மாதமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. விண்ணப்பங்களை அவள் ஒற்றை விரலால் அடித்தாளோ என்னவோ.

நாலு இருபதுக்கு என் போன் அடித்தது. அரியர். அழைப்பு வந்ததும் நெட் அறுந்தது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று திரையில் ஒரு சிவப்புப் பட்டை. நான் பாய்ந்து அழைப்பை வெட்டினேன். பட்டை போக மாட்டேன் என்றது. அப்பா நாற்காலியில் பாதி எழுந்து, ஸ்விட்ச் போட்டுத்தான் இருக்கிறதா என்று பார்த்தார். சித்தி விரல்களை விசைகளுக்கு மேலே அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் நிமிடக்கணக்கு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நொடி போன பிறகு பட்டை மறைந்தது. மழை மறுபடி ஆரம்பித்தது.

போனில் அரியரின் செய்தி வந்து விழுந்தது: தேதி சரியா இருக்கான்னு பாருடா முட்டாள்.

ஐந்து மணிக்குத் திரையில் ஒரு பெட்டி வந்தது. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு சொல். முப்பத்தைந்து போதும் என்றிருந்தார்கள். தேர்ச்சி. அடுத்த கட்டம், திங்கள் காலை பத்து மணி, இதே தளத்தில் நேர்காணல்.

சித்தி அதை இரண்டு முறை படித்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கா" என்றாள். பிறகு கட்டிலில் அப்படியே சாய்ந்து, இஸ்திரி கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டோரம் கொஞ்சம் மேலே போயிருந்தது. அதற்குமேல் போக அதற்கும் தெம்பில்லை.

அப்பா மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் கை தன்பாட்டுக்கு ஸ்விட்சை நோக்கிப் போனது. நான் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது.

"முடிஞ்சிடுச்சா? அணைக்கலாமா?"

"திங்கக்கிழமை மறுபடி ஜனவரி ஒண்ணாயிடும்ப்பா" என்றேன். "அந்த பேட்டரி வாங்கி மாத்தற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

"ரெண்டு ராத்திரியும் எரியணுமா?" அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டது போல இருந்தது அவர் குரல்.

சித்தி கண்ணைத் திறக்கவில்லை. "அணைச்சுக்கோங்க அத்தான். காலையில நான் போட்டுக்கறேன்."

அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஸ்விட்சைப் பார்த்தார், பச்சைப் பொட்டைப் பார்த்தார், நான் ஒட்டிய தாளைப் பார்த்தார். பிறகு பேனா கேட்டு வாங்கி, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்பதற்குக் கீழே 'திங்கள் வரை' என்று எழுதிவிட்டு, மோடத்தை அணைக்கப் போனார்.