தாண்டிப் போங்க அண்ணி

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்காரும் அண்ணிக்குக் காலையில் முதல் வேலை, திரை முழுக்க வரும் சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டுவது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று அது கத்தும். அவர் படிக்கக்கூட மாட்டார். இரண்டு தட்டு, உள்ளே போய்விடுவார்.

பழக்கிவிட்டவன் அவருடைய கொழுந்தன். நோயாளிகளின் அறிக்கைகளை வைத்திருக்கும், நிலையத்துக்குள்ளேயே ஓடும் சர்வரை அமைத்தவன் அவன்தான். "நம்ம வீட்டுப் பிள்ளை, நான் பொறுப்பு" என்று நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணி.

"என்ன தம்பி, தினமும் சிவப்பா வருது?" என்று ஆரம்பத்தில் கேட்டுத்தான் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல அண்ணி. இது அசல் சர்வர்தான்னு பிரவுசருக்குக் காட்ட ஒரு சான்றிதழ் வேணும். வெளியே வாங்காம நானே கையெழுத்துப் போட்டு உருவாக்கிட்டேன். பிரவுசருக்கு என்னைத் தெரியாது, அதான் குதிக்குது. உங்களுக்கு என்னைத் தெரியும்ல? தாண்டிப் போங்க."

தானே உருவாக்கிய சான்றிதழில் குற்றமில்லை. அங்கிருந்த ஐந்து கம்ப்யூட்டரிலும் அதை 'நம்பலாம்' என்று பதிந்து வைத்திருந்தால் தினமும் சிவப்பு வந்திருக்காது. என்றைக்காவது வந்தால் எல்லாரும் திடுக்கிட்டிருப்பார்கள். அரை மணி நேர வேலை. கொழுந்தனுக்கு அதற்கு உடம்பு வணங்கவில்லை!

ஒரு செவ்வாய்க்கிழமை, காத்திருந்தவர்களோடு மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒருவன் நிலையத்தின் வைஃபைக்குள் நுழைந்து, அண்ணி தினமும் திறக்கும் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கத்தை நீட்டினான். சிவப்பு வந்தது. அண்ணி வழக்கம்போலத் தாண்டி, கடவுச்சொல்லை அடித்தார். அது நேராக அவன் கைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் நோயாளிகளின் அறிக்கைகள் கைபேசிக்குக் கைபேசி சுற்றின.

தையல்காரம்மா வந்து நின்றார். தனக்குக் காசநோய் என்பதை அண்ணியிடம் மட்டும் சொல்லி அழுதவர்.

"தைக்கக் கொடுத்த துணியெல்லாம் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. வெட்டி வச்சதைக்கூட விடல. 'யாருக்கும் தெரியாது, நான் இருக்கேன்'னு சொன்னீங்களே?"



டாக்டரம்மா அண்ணியையும் கொழுந்தனையும் அழைத்தார். கொழுந்தன் திரையைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

"என் சர்வர்ல ஒரு குறையும் இல்ல மேடம். எச்சரிக்கை வந்திருக்கு. இவங்கதான் படிக்காம தாண்டியிருக்காங்க."

இவங்க! அண்ணி அவன் பக்கம் திரும்பினார்.

"நேத்து வரைக்கும் அண்ணி, இன்னைக்கு இவங்களா? தாண்டச் சொன்னது யாருடா?"

அவன் தலை குனிந்தான். அண்ணி டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"படிக்காம தாண்டினது என் தப்புதான் மேடம். இவனுக்கு நான் பொறுப்புன்னு சொன்னதும் தப்பு. நம்ம ஆளுங்கறது ஒரு சான்றிதழே இல்ல. எச்சரிக்கையைப் பார்க்காதேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் எவ்வளவு வேண்டப்பட்டவனா இருந்தாலும், முதல்ல அவனைத்தான் நிறுத்திக் கேக்கணும்."

அன்று மாலை தன் புதுத் துணியை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார் அண்ணி. தையல்காரம்மா துணியை வாங்கிப் பிரித்தார்.

"அளவு சொல்லட்டுமா?" என்றார் அண்ணி.

"வேணாம்மா" என்று நாடாவை எடுத்தார் அவர். "இனிமே யார் சொன்னாலும் நானே அளந்து பார்த்துதான் வெட்டுவேன்."